நான்காவது இருக்கை

அமெரிக்காவின் மேடிசன் நகரில் என் அக்கா வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நம் வீடுகளில் பள்ளித் தவணைக் காலண்டர் தொங்குகிற இடம் அது. அந்தத் தாளில் குடும்பத்தாரின் எடை எழுதியிருக்கும். அத்தான் 86, மகன் 78, மகள் 52. அங்கே பவுண்டில்தான் எழுதுவார்கள். நமக்காகக் கிலோவுக்கு மாற்றிச் சொல்கிறேன். அக்காவின் பெயருக்கு நேரே மட்டும் எண் இல்லை. ஒரு சின்னக் கோடு.

"எடையைச் சொல்ல வெட்கமா?" என்று கேட்டேன்.

"நான்தான் போறதில்லையே, எதுக்கு எழுதணும்?" என்றாள்.

அத்தானிடம் சொந்தமாக ஒரு விமானம் இருக்கிறது. கோடீஸ்வரர் என்று நினைத்துவிடாதீர்கள். கணினித் துறையில் மாதச் சம்பளம் வாங்குகிறவர். புதுக் கார் வாங்காமல், பத்து ஆண்டுகளுக்கு முன் பழைய விமானம் வாங்கினார். 1977இல் தயாரான செஸ்னா 172. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கைகள். 1955இல் முதன்முதலாகப் பறந்த இந்த ரகத்தில் இதுவரை 44,000க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாராகியிருக்கின்றன. உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று அர்த்தமில்லை. இதுதான் அங்கே நான் கற்ற முதல் பாடம். அந்த விமானம் மொத்தம் 1,043 கிலோ எடையோடுதான் தரையை விட்டுக் கிளம்பலாம். விமானத்தின் சொந்த எடையைக் கழித்தால் 386 கிலோ மிஞ்சும். டேங்க் நிறைய எண்ணெய் 109 கிலோ. ஆக, மனிதர்களுக்கும் பைகளுக்கும் 277 கிலோதான். பிள்ளைகள் சிறுசுகளாக இருந்தபோது நால்வரும் சேர்ந்து பறந்தார்கள். இப்போது பையனுக்குப் பதினாறு வயது. அப்பாவை எட்டிப் பிடிக்கிறான். அக்காவையும் பைகளையும் சேர்த்தால் 311 கிலோ. எண்ணெயைக் குறைத்தால் ஏறலாம், ஆனால் தூரம் போக முடியாது. அதனால் இரண்டு வருடமாக நெடும்பயணம் என்றால், "நீங்க போயிட்டு வாங்க" என்று அக்கா வீட்டில் நின்றுவிடுவாள்.

அத்தானுக்கு அது உறுத்தல். "அவளுக்காகத்தான் மச்சான் பெரிய ப்ளேன் தேடுறேன்," என்றார். கடந்த ஜூலையில் நான் போயிருந்த நேரம், அந்தத் தேடல் சூடு பிடித்திருந்தது.

வானத்தில் ஒரு வரிசை

பழைய விமானம் தேடுகிறவர்கள் ஒருமுறையாவது போக வேண்டிய ஊர் ஓஷ்கோஷ். விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ ஏரிக்கரையில் உள்ள சிறிய ஊர். 1970 முதல் ஆண்டுதோறும் கோடையில் ஒரு வாரம் அங்கே விமானத் திருவிழா நடக்கிறது. ஏறக்குறைய 10,000 விமானங்கள் அந்த வட்டாரத்தில் வந்து இறங்கும். அந்த ஒரு வாரம் மட்டும் உலகிலேயே மிகப் பரபரப்பான கட்டுப்பாட்டுக் கோபுரம் அதுதான் என்கிறார்கள்.

அத்தான், மருமகன், நான் மூவரும் விமானத்தில் கிளம்பினோம். அக்கா மகளை ஏற்றிக்கொண்டு காரில் வந்தாள். ரிப்பன் என்ற சிற்றூருக்கு மேலே வந்ததும், சிறு விமானங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உயரம் 1,800 அடி, வேகம் 90 நாட், முன்னால் போகும் விமானத்துக்கும் நமக்கும் அரை மைல் இடைவெளி. அடுத்த ஊரான ஃபிஸ்க்கில், தரையில் நின்றபடியே சில அதிகாரிகள் தொலைநோக்கியில் நம்மைப் பார்க்கிறார்கள். விமானத்தின் நிறத்தைச் சொல்லி அழைத்து, "இறக்கையை ஆட்டு" என்கிறார்கள். வானொலியில் பதில் சொல்லக் கூடாது. ஆட்டிக் காட்டினால் போதும். அத்தான் ஆட்டினார். என் வயிறும் சேர்ந்து ஆடியது.

ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கிறார்கள். ஒரே ஓடுபாதையில் ஒருவர் ஒரு புள்ளியில் இறங்கும்போதே பின்னால் வருபவர் வேறொரு புள்ளியில் இறங்குகிறார். எங்களுக்குப் பச்சைப் புள்ளி. சக்கரம் தரையைத் தொட்டதும் "ஓஷ்கோஷுக்கு நல்வரவு" என்று வானொலியில் ஒரு குரல். புல்வெளியில் நிறுத்தி, இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டோம். திரும்பிய பக்கமெல்லாம் விமானமும் கூடாரமும்தான். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் இடம் பிடித்துப் படுத்த சிறுவயது நாள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஐம்பது வயதுச் சரக்கு

மறுநாள் முழுக்க நடை. சில விமானங்களின் காற்றாடியில் விற்பனைக்கு என்ற அட்டை தொங்கும். வருடம், எஞ்சின் ஓடிய மணி, விலை எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலானவை 1960களிலும் 70களிலும் தயாரானவை. ஐம்பது வயது வண்டியை லட்சம் டாலர் கொடுத்து வாங்குவார்களா என்று நமக்குத் தோன்றும்.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. விபத்து வழக்குகளில் கொடுக்க வேண்டிய இழப்பீடும் காப்புறுதிச் செலவும் ஏறியதால், 1986இல் செஸ்னா நிறுவனம் இந்தச் சிறு விமானங்களின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 18 வயதைக் கடந்த சிறு விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மீது வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தி 1994இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன்பின் 1996இல்தான் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. இடையில் பத்தாண்டுப் பள்ளம். புதியவை வந்தாலும் விலை எட்டாத உயரம். அதனால் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவது தாத்தா வயது விமானங்கள்தான். ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை கட்டாயம் என்பதால், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அவை பறந்துகொண்டே இருக்கின்றன.

அத்தான் போனான்சா பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். 1947 முதல் வரும் அழகி. சக்கரத்தை மடித்துக்கொண்டு வேகமாகப் பறக்கும். ஆனால் மடிகிற சக்கரம் என்றால் பராமரிப்பும் காப்புறுதியும் கூடும். அக்கா நின்றது சிரஸ் முன்னால். அதில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது. "இதை வாங்குங்களேன்," என்றாள். அத்தான் விலையைச் சொன்னார். அந்தப் பாராசூட்டைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றி அடுக்கும் செலவையும் சொன்னார். அக்கா பேசாமல் நடந்தாள்.

கடைசியில் அத்தானின் மனம் நின்றது செஸ்னா 182இல். பார்க்க 172இன் அண்ணன் மாதிரி. 160 குதிரைத்திறனுக்குப் பதில் 230. எடைத்தாளில் 520 கிலோ தாங்கும் என்று இருந்தது. எண்ணெயை நிரப்பிய பிறகும் நால்வரும் பைகளோடு ஏறலாம். மணிக்கு 8 கேலன் குடித்தது இனி 13 கேலன் குடிக்கும். அது வேறு கணக்கு. அங்கே சந்தித்த ஒருவர், இலினோய் மாநிலத்தில் 1974ஆம் ஆண்டு 182 ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொன்னார். வெள்ளை உடல், சிவப்புப் பட்டை. விலை 1,15,000 டாலர். படத்தைப் பார்த்ததுமே அத்தானின் முகம் மாறிவிட்டது.

அன்று மாலை அவரும் பிள்ளைகளும் சாகசக் காட்சி பார்க்கப் போய்விட்டார்கள். இறக்கை நிழலில் அக்காவும் நானும் மட்டும். ஃபிளாஸ்க்கில் இருந்து தேநீர் ஊற்றியபடி சொன்னாள்: "அவர் எனக்காகத் தேடுறார்னு தெரியும்டா. ஆனா இந்த ரெண்டு வருஷமா, ஒருத்தர் கீழே நிக்கிறோமேன்னு எனக்கு ஒரு நிம்மதி. நாலு பேரும் ஒரே ப்ளேன்ல... அம்மாவுக்கு யார் போன் போடுறது?"

என்னிடம் பதில் இல்லை. குளிர்பெட்டியில் பார்த்த அந்தக் கோடு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கைவிளக்கும் கண்ணாடியும்

இரண்டு வாரம் கழித்து எல்லோரும் காரில் இலினோய் போனோம். சோளக்காட்டுக்கு நடுவே ஒற்றை ஓடுபாதை. அத்தான் சும்மா போகவில்லை. ஓக்லஹோமா சிட்டியில் உள்ள மத்திய விமானப் பதிவகத்தின் ஆவணங்களைச் சரிபார்த்து, விமானத்தின் மீது கடன் ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்தியிருந்தார். விற்பவருக்கு வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக் கூடாது என்று, வேறு ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். நாம் பழைய கார் வாங்கும்போது, தெரிந்த வொர்க்‌ஷாப்காரரைக் கூட்டிப்போவது போலத்தான்.

மெக்கானிக் முதலில் விமானத்தைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் லாக் புக்குகளைப் படித்தார். இந்த விமானத்துக்கு என்ன செய்தாலும் அதில் தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும். பிறகு எஞ்சின். சிலிண்டருக்குள் 80 அளவு காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு நிற்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். ஆறு சிலிண்டரும் 70க்கு மேல். இந்த எஞ்சினை 1,500 மணி ஓடியதும் பிரித்துச் செப்பனிடப் பரிந்துரை. இது ஓடியிருப்பது 600 மணி. அடுத்து இறக்கைகளைப் பிடித்து ஆட்டி, டேங்கின் அடியிலிருந்து எண்ணெய் பிடித்துப் பார்த்தார். அந்தக் காலத்து 182இல் டேங்க் என்பது இறக்கைக்குள் இருக்கும் ரப்பர் பை. பை மடிந்து சுருங்கினால், மடிப்பில் தண்ணீர் ஒளிந்திருக்கும். பறக்கும்போது எஞ்சினுக்குள் போய்விடும். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தான் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

கடைசியாக மெக்கானிக் தரையில் படுத்து, கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் எஞ்சினுக்குப் பின்னால் நுழைத்தார். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அத்தானைக் கூப்பிட்டார். எஞ்சினுக்கும் ஆள்கள் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் உண்டு. 182க்கு மூக்குப் பாரம் அதிகம். சரியாகத் தூக்கிப் பிடிக்காமல் இறங்கினால் முன்சக்கரம் தரையில் மோதும். அந்த அடி நேராக இந்தச் சுவரில் விழும். வாங்குபவர்கள் முதலில் தேட வேண்டிய காயம் இதுதானாம். அந்தத் தகட்டில், இஸ்திரி போடாத சட்டை மாதிரி ஒரு சுருக்கம். பக்கத்தில் ஒரு வரிசை ரிவெட் மட்டும் வேறு ரகம். யாரோ எப்போதோ செப்பனிட்டிருக்கிறார்கள். லாக் புக்கில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பதிவே இல்லாத ஓர் இடைவெளி மட்டும் இருந்தது.

விற்பவர் முதியவர். "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இருபது வருடம் பறந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை," என்றார். பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. விலையில் பதினைந்தாயிரம் குறைக்கிறேன் என்றும் சொன்னார்.

அத்தான் அந்தச் சிவப்புப் பட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வருடத் தேடல். மனசுக்குப் பிடித்த விமானம். குறைந்த விலை. மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க பிள்ளைகளை இதுல ஏத்துவீங்களா?"

"தகட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு ஏற்றலாம். இன்றைக்கு மாட்டேன்," என்றார் அவர்.

அத்தான் மெக்கானிக்குக்கு 900 டாலர் கூலி கொடுத்தார். முதியவரின் கையைக் குலுக்கி, நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. "900 டாலர் வீணாப் போச்சு," என்றான் மருமகன். "அது வீண் இல்லடா," என்றார் அத்தான். நம் ஊரில் பழைய காரோ வீடோ வாங்கும்போது, முன்பணம் கொடுத்துவிட்டோமே, எல்லோரிடமும் சொல்லிவிட்டோமே என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். என் முதல் காரும் அப்படி வந்ததுதான். வேண்டாம் என்று திரும்பி நடக்க ஒருவர் 900 டாலர் செலவழித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் ஊர் திரும்பும் நாள். விடியற்காலையில் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். குளிர்பெட்டிக் கதவில் அதே தாள். அத்தான் இன்னும் வேறொரு 182ஐத் தேடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அக்காவின் பெயருக்கு நேரே இருந்த கோட்டை யாரோ அழித்து, பேனாவால் 70 என்று எழுதியிருந்தார்கள்.

கையெழுத்து அக்காவுடையது.