வரைபலகை வாங்கிய வரலாறு

எமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தார், விழா நினைவாகச் சித்திரக்கூடத்துக்குக் கணினி வரைபலகை வாங்கி அளிக்கத் தீர்மானித்து, அதனைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை எம்மிடம் ஒப்புவித்துள்ளனர். முப்பத்தைந்து ஆண்டு படவரைஞராய்த் தொழில் பார்த்தோம் என்பதே அவர்கள் எம்மிடம் கண்ட தகுதி. இதே பொருளை வாங்குவதில் யாம் முன்னர் ஒருமுறை இழுக்குற்றவர் என்பதை அவர்கள் அறியார். அதனை மறைத்துவைத்து ஆலோசனை கூறுதல் முறையன்று. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சொல்லத் துணிந்தோம்.

வரைபலகை என்றால் எம் காலத்தார்க்கு நினைவில் எழுவது மரப்பலகையும் அதன்மேல் ஊர்ந்து செல்லும் 'ரீ' மட்டமுமே. இக்காலத்து இளைஞர் 'ரப்லெற்' என்று வழங்குவது வேறு. சிலேற்றுப் போன்ற மெல்லிய தகட்டின்மேல் மையில்லாப் பேனையாற் கீறினால், கோடு கணினித் திரையிலே தோன்றும். இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. ஒருவர் இங்கே எழுதும் கையெழுத்தை மின்சாரத்தின் துணையாற் பிறிதோரிடத்தில் எழுதிக்காட்டும் பொறிக்கு அமெரிக்கராகிய எலிஷா கிரே 1888ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1964இல் அந்நாட்டு 'ராண்ட்' நிறுவனத்தார் அமைத்த பலகை 10.24 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 100 கோடுகளாக, பக்கத்துக்கு 1024 கோடுகள் அதனுட் பதிக்கப்பட்டிருந்தன. இன்றைய பலகைகள் அதன் வழித்தோன்றல்களே.

இனி எமது கதைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எமது மகள் வயிற்றுப் பேரன் சுவரொட்டி, நூலட்டை முதலியவற்றை வடிவமைக்கும் கலையில் விருப்புற்றான். கணினியின் மவுசைக் கொண்டே படங் கீறி வந்தான். அது சிரட்டையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்திடுவதை ஒக்கும். திரையில்லாத சிறிய வரைபலகை ஒன்று போதும் என்று அவன் கேட்டான். யாமோ, சிறியது தாழ்ந்தது என்று எண்ணினோம். படம் தோன்றுகின்ற கண்ணாடியின் மேலேயே வரையத்தக்க பெரிய பலகை ஒன்றிருக்க, பேரனுக்குக் குறைந்ததை வாங்குவதா என்ற வீம்பு எம்மைப் பற்றிக்கொண்டது. சேமிப்பிலிருந்து பாதிப் பணத்தை முற்கூட்டியே கொடுத்துச் சொல்லி வைத்தோம். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் 203 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 அளவிற்கு ஏறிவிட்டது. மிகுதிப் பணம் எவ்வளவாயிற்று என்பதை வாசகரே கணித்துக்கொள்வாராக.

பலகை வந்தது. அதற்கு மின்சாரத்துக்கு ஒரு வடம், படத்துக்கு ஒரு வடம், பேனையின் செய்திக்கு ஒரு வடம். மின்வெட்டோ, மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்று, பின்னர் குறைந்தும் முற்றாக நீங்காது நின்றது. மடிக்கணினி தன் மின்கலத்தால் இயங்கும், பலகை இயங்காது. மின்சாரம் உள்ளபோதும் பையன் கழுத்தை வளைத்துக் கண்ணாடியின்மேற் கவிழ்ந்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதத்துள் அதன்மேல் ஒரு துணி போர்த்தப்பட்டது. அவன் படங் கீறுவதையே விட்டுவிட்டான் என்று எண்ணி, "இவ்வளவு காசைக் கொட்டி வாங்கித் தந்தும் சோம்பலோ?" என்று கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறவில்லை.

பின்னர் ஒரு மாலை, அவனைத் தேடி அவனது வகுப்புத் தோழன் வீட்டுக்குச் சென்றோம். விளக்கில்லாத விறாந்தையில், மடிக்கணினியின் ஒளியில், கைக்குட்டையளவு பலகையொன்றில் அவன் கீறிக்கொண்டிருந்தான். திரையில் அவனது அம்மம்மாவின் முகம். எம்மைக் கண்டதும் எழுந்து, "அம்மப்பா, இது கரண்ட் இல்லாட்டிலும் வேலை செய்யும். அதுதான் முதலிலை இதைக் கேட்டனான்" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. யாம் கடிந்த சொல்லை எவ்வாறு மீளப் பெறுவதென்று அறியாது, வாசலில் நின்றபடியே படத்தைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினோம்.

பெரிய பலகையைக் கலியாணப் படங்களைத் திருத்தும் ஸ்ரூடியோக்காரர் ஒருவர் நட்ட விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருக்கு அது பொருத்தமானதே. நாள் முழுதும் ஓரிடத்தில் இருந்து, முகத்தில் உள்ள மாசைப் புள்ளி புள்ளியாகத் துடைப்பவருக்குக் கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருத்தல் பேருதவி. அன்றியும், தானே கணினியாகவும் பலகையாகவும் உள்ள ஐபாட் போன்றன உள. அவை வடமின்றி இயங்குவன; ஆயினும் ஒரு வகுப்புக்கு வாங்குவதெனின் சங்கத்தின் நிதி தாங்காது.

திரையில்லாப் பலகையிற் கை மேசையிலும் கண் திரையிலும் இருக்க வேண்டும். முதற் சில நாள் இது பெரிதும் இடர்ப்படுத்தும். பேரனுக்கு இரண்டு கிழமையில் பழகிவிட்டது. மிருதங்கம் வாசிப்பவர் தம் விரலைப் பார்த்துக்கொண்டா வாசிக்கின்றார்?

விற்போர் முதலில் எடுத்தோதுவது அழுத்தப் படிகளின் தொகையை. 8192 என்பர்; இப்பொழுது 16384 என்றும் சொல்லும் பேனைகள் வந்துள்ளன. அவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துணரும் கை எவர்க்கும் இல்லை. பார்க்க வேண்டியது, பேனை தாளைத் தொட்டும் தொடாததுமாகச் செல்லுகையிற் கோடு விழுகின்றதா என்பதே. மென்மையான தொடுகைக்குக் கோடு விழாத பேனை, தொகை எத்துணையாயினும் பயனற்றது. பேனைக்குள் மின்கலம் இல்லாததே நன்று. பலகை எழுப்பும் மின்காந்தப் புலத்துக்குப் பேனையினுள் இருக்கும் கம்பிச்சுருள் மறுமொழி கொடுப்பதால் அது இயங்குகின்றது. 1983இல் யப்பானிலே தொடங்கப்பெற்ற 'வக்கொம்' நிறுவனத்தார் இம்முறையால் பெயர் பெற்றனர். இன்று குறைந்த விலைக்கு விற்கும் வேறு பல நிறுவனத்தாரின் பேனைகளும் மின்கலமின்றியே இயங்குகின்றன. இடக்கை மாணவர்க்காகப் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதையும் கேட்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் இடக்கைக்காரர் பட்ட பாட்டை எம் வயதினர் அறிவர்.

ஒன்றை மட்டும் யாமே கண்டுபிடித்ததாகப் பெருமைப்படுகின்றோம். பேரனுக்கு வாங்கிய சிறு பலகையின்மேல், எமது பழைய வட்ட அச்சை வைத்துப் பேனையைச் சுற்றியோட்டினோம். திரையில் விழுந்தது வட்டமன்று, முட்டை! அளந்து பார்த்தபோது அகலம் உயரத்திலும் ஒன்பதில் ஒரு பங்கு மிகுந்திருந்தது. பலகையின் அகலமும் உயரமும் 16க்கு 10. திரையோ 16க்கு 9. முழுப் பலகையையும் முழுத் திரையோடு பொருத்தியமையால் வந்த கோணல் இது. பலகையின் உயரத்திற் பத்தில் ஒன்றைப் பயன்படுத்தாது ஒதுக்குமாறு அமைப்பை மாற்றியதும் வட்டம் வட்டமாயிற்று. இதனை அறியாது பழகும் மாணவனின் கை, தாளுக்குத் திரும்பும்போது வட்டங் கீற மறுக்கும்.

அன்று தொட்டு யாமும் பேரன் இல்லாத வேளைகளிற் கீறிப் பார்த்து வருகின்றோம். கை சற்று நடுங்குகின்றது. இலவசமாய்க் கிடைக்கும் 'கிரிற்றா' என்னும் செயலியிற் கோட்டின் நடுக்கத்தை அமர்த்தும் ஏற்பாடொன்று உண்டென்று பேரன் காட்டித் தந்தான். அதனோடு பத்தாண்டின்பின் முதன்முறையாக ஒரு நேர்கோடு கீறினோம். கோடு பேனைக்குச் சற்றுப் பின்னால், தயங்கித் தயங்கி வருகின்றது. ஆயினும் வந்து சேர்கின்றது.

ஆதலின், பெரிய திரைப்பலகை ஒன்றா, சிறிய பலகை பத்தா என்று செயலாளர் கேட்டிருந்ததற்கு, பத்து என்றே எழுதியுள்ளோம். பலகைக்கு ஐந்து வீதம் மாற்று முனைகளும் சேர்த்து வாங்குக என்றும் எழுதினோம். சொரசொரப்பான பலகையில் முனை தேய்ந்துகொண்டேயிருக்கும். கடிதத்தைப் படித்துப் பார்த்த பேரன், "ஐந்து காணாது அம்மப்பா, பொடியள் அழுத்திக் கீறுவாங்கள்" என்றான். பத்தென்று திருத்தி அனுப்பினோம்.