உம்மும்மாவின் பாபத்

உழ்ஹிய்யா இறைச்சி பங்கிடும் நாளில் எங்கள் வீட்டில் யாரும் விரும்பிக் கேட்காத பங்கொன்று உண்டு. மாட்டின் இரைப்பை. மலாய் மொழியிலிருந்து வந்த பெயரால் பாபத் என்கிறோம். அதில் ஒரு பகுதி தேன்கூடு போலவே இருக்கும். உயிரியல் பாடத்தில் மாட்டின் நான்கு இரைப்பை அறைகளைப் படித்தபோது, இரண்டாவது அறையை நான் கறிச்சட்டியில் ஏற்கனவே கண்டிருந்தேன்!

கழுவுவதுதான் பெரும்பாடு. கொதிநீரில் அமிழ்த்தி, கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி, உப்பும் தேசிக்காயும் தேய்த்து, வெடுக்குப் போகும்வரை அலச வேண்டும். இம்முறை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மும்மாவின் விரல்கள் மடங்கவில்லை.

"யாருக்காவது குடுத்துடுங்க" என்றார் சாச்சி. உம்மும்மா பதில் சொல்லவில்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவர் கதிரையைப் பக்கத்தில் போடச் சொல்லி அமர்ந்தார்.

"இன்னம் போகல்ல மகள், மடிப்ப விரிச்சுப் பாருங்க."

இரண்டு மணித்தியாலம் இப்படியே.

வறுத்த தூள், இஞ்சி, ரம்பை, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால். ரப்பர் போல இருக்கும் என்று தோழிகள் முகம் சுளிப்பார்கள். அது சரியாக வேகாததைத் தின்றவர்களின் பேச்சு.

மறுநாள் காலை புட்டோடு வைத்தேன். உம்மும்மா ஒரு துண்டை நெடுநேரம் மென்றார்.

"கொஞ்சம் வெடுக்கு இருக்கு" என்றார். பிறகு பீங்கானை மீண்டும் நீட்டினார்.