சாக்கர் என்பது கெட்ட வார்த்தையா?

சில வருஷங்களுக்கு முன் லண்டனில் ஒரு பப். டி.வி.யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்காமல் பக்கத்து ஸ்டூல்காரரிடம், "இந்த ஊரில் சாக்கர் பார்ப்பதே தனி அனுபவம்" என்றேன். அறுபது தாண்டிய மனிதர். பீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அது அமெரிக்காக்காரன் வார்த்தை. இங்கே ஃபுட்பால்."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் வாட்டர்லூ பாலத்தடியில் பழைய புத்தகங்களை மேய்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டை உருவாக்கிய மேனேஜர் சர் மாட் பஸ்பியின் சுயசரிதை. வருஷம் 1973. தலைப்பு 'சாக்கர் அட் தி டாப்'. எனக்கு வகுப்பெடுத்த பெரியவர் அப்போது இளைஞராக இருந்திருப்பார். அந்த வார்த்தையை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டால் கேளுங்கள். 'சாக்கர்' அசல் இங்கிலாந்துச் சரக்கு. 1863-ல் லண்டன் ஃப்ரீமேசன்ஸ் டேவர்னில் சில கிளப்காரர்கள் கூடி, ஆட்டத்துக்குப் பொது விதிகள் எழுத உட்கார்ந்தார்கள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாமா, எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பதில் தகராறு. இரண்டும் கூடாது என்று முடிவானதும் பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. உதைக்காதவர்கள் ஆடியது அசோசியேஷன் ஃபுட்பால். மற்றது ரக்பி ஃபுட்பால்.

ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு வியாதி. எந்த வார்த்தையையும் ஒடித்து வாலில் 'அர்' ஒட்டுவார்கள். பிரேக்ஃபாஸ்ட், 'பிரெக்கர்' ஆனது. ரக்பி, 'ரக்கர்'. அசோசியேஷனின் நடுவிலிருந்து 'சாக்'கைப் பிய்த்தெடுத்து 'சாக்கர்'. பணக்கார வீட்டுப் பையன்களின் செல்லப் பெயர்.

அமெரிக்காவுக்கு இது சௌகரியமாகப் போயிற்று. அங்கே 'ஃபுட்பால்' என்ற பெயரை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் வேறோர் ஆட்டம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது. 1913-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன் என்று தொடங்கிய அமைப்பு, 1945-ல் பெயருக்குள் 'சாக்கரை'ச் சேர்த்தது. 1974-ல் 'ஃபுட்பாலை' எடுத்தே விட்டது. அடுத்த வருஷம் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்கு ஆட வந்தார். அமெரிக்காவில் சாக்கர் பெரிய சத்தம் போட ஆரம்பித்தது.

இங்கிலாந்துக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டது அதற்கப்புறம்தான். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீஃபன் ஸிமான்ஸ்கி பழைய பத்திரிகைகளையும் புத்தகங்களையும் துழாவி 2014-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1980 வரை பிரிட்டனில் இரண்டு வார்த்தைகளும் சகஜமாகப் புழங்கின, அதன்பின் 'சாக்கர்' சரிந்தது என்கிறார். அமெரிக்கன் எடுத்துக்கொண்டதால் வேண்டாதது ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அதே கலரில் புடவை வாங்கியதும் நம் வீட்டுப் புடவை பீரோவுக்குள் போய்விடுவதில்லையா, அந்த மாதிரி.

ஒரு வார்த்தையோடு நிற்கவில்லை. இங்கிலாந்து ரசிகருக்கு மைதானம் 'பிச்', அமெரிக்கருக்கு 'ஃபீல்ட்'. காலில் போடுவது அங்கே 'பூட்ஸ்', இங்கே 'க்ளீட்ஸ்'. அங்கே 'கிட்', இங்கே 'யூனிஃபார்ம்'. சமமாக முடிந்தால் 'டிரா', 'டை'. ஒரு கோல்கூட விடாவிட்டால் 'க்ளீன் ஷீட்', 'ஷட் அவுட்'. அவர்களுக்கு 'இங்கிலாந்து ஆர் வின்னிங்', இவர்களுக்கு 'அமெரிக்கா இஸ் வின்னிங்'. பன்மையா ஒருமையா என்பதிலேகூட ஒற்றுமை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், கோல் போடாதவன் அங்கே 'நில்', இங்கே 'ஸீரோ'.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது இங்கிலாந்துக்காரரின் கோபம் அல்ல. அமெரிக்க ரசிகரின் வெட்கம்.

1996-ல் அவர்களுடைய மேஜர் லீக் சாக்கர் ஆரம்பித்தபோது எல்லாமே அமெரிக்க மயம். கடிகாரம் பின்னோக்கி ஓடியது. சமநிலையில் முடிக்க மாட்டோம் என்று 35 கஜத்திலிருந்து ஷூட் அவுட் வைத்தார்கள். 1999 சீஸனோடு அதெல்லாம் போயிற்று. பின்னால் பெயர்களும் வேஷம் மாறின. டல்லாஸ் பர்ன், 2005-ல் எஃப்.சி. டல்லாஸ் ஆனது. கான்சாஸ் சிட்டி விஸார்ட்ஸ், 2010-ல் ஸ்போர்ட்டிங் கான்சாஸ் சிட்டி என்று அறிவித்துக்கொண்டது. யூட்டாவில் ரியல் சால்ட் லேக் என்று ஓர் அணி. ஸ்பெயினில் 'ரியல்' என்பது ராஜா கொடுக்கும் பட்டம். யூட்டாவில் எந்த ராஜா?

லண்டனுக்குப் பிறகு ஒரு முறை நியூ ஜெர்ஸியில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு பார் நிரம்பி வழிந்தது. லண்டனில் பன்னிரண்டரை மணி ஆட்டம் இங்கே ஏழரைக்கு வருகிறது. ஸ்கார்ஃப் சுற்றிய ஒரு நாற்பது வயதுக்காரர் எனக்கு நண்பரானார். 'பிச்', 'நில்', 'கிட்' என்று ஒரு வார்த்தை பிசகாமல் பேசினார். மேனேஜரை 'காஃபர்' என்றார். இங்கிலாந்துக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறாராம். அங்கே ஸ்டேடியத்தில் தெரியாத்தனமாக 'ஸீரோ' என்றிருக்கிறார். முன் வரிசை முழுக்கத் திரும்பிச் சிரித்திருக்கிறது.

"அன்னிலேர்ந்து ஜாக்கிரதையா இருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடிபட்ட இடம் தெரிந்தது. இங்கிலீஷில் ஒரு உச்சரிப்புத் தவறிப்போய் நாலு பேர் முன்னால் முகம் சிவந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அந்த மனிதரைப் புரிந்துகொள்வீர்கள். எனக்குப் புரிந்தது.

அன்று பத்து மணிக்கு அவருடைய மகளுக்கு ஸ்கூல் மேட்ச். என்னையும் அழைத்துப் போனார். பத்து வயதுப் பெண், முட்டியெல்லாம் மண். ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்தாள்.

"அப்பா, டூ-ஸீரோல ஜெயிச்சுட்டோம்!"

"டூ-நில்னு சொல்லணும் கண்ணு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். "ஏன்? நில்லுன்னா ஒரு கோல் கூடக் குடுப்பாங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றியது. அந்தப் பெண்ணின் நாட்டுப் பெண்கள் 1991, 1999, 2015, 2019 என்று நாலு முறை உலகக் கோப்பையை ஜெயித்தவர்கள். எல்லாம் 'சாக்கர்' ஆடித்தான், 'ஸீரோ' சொல்லித்தான். ஆட்டத்துக்கு விதி எழுதிய இங்கிலாந்திடம் ஆண்கள் 1966-ல் ஜெயித்த ஒரே ஒரு உலகக் கோப்பைதான் இருக்கிறது. அவர்கள் பெண்கள் 2023 இறுதிப் போட்டி வரை வந்து ஸ்பெயினிடம் தோற்றார்கள், ஒன்றுக்கு ஸீரோ. அல்லது நில். உங்கள் இஷ்டம்.

ஆட்டம் யாருடையது என்பதை வார்த்தை தீர்மானிப்பதில்லை. ஆடுகிறவருடையது. பார்க்கிறவர்களாகிய நாம்தான் வார்த்தையை வைத்துக்கொண்டு வாசலில் டிக்கெட் கிழிக்கிறோம்.

அந்தப் பெண் புல்லில் உட்கார்ந்து, "அப்பா, இந்த க்ளீட்ஸ் கடிக்குது, கழட்டி விடுங்க" என்று காலை நீட்டினாள். அவர் 'பூட்ஸ்' என்று திருத்த வாயெடுத்ததை நான் பார்த்தேன். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.