ஊமைத் துப்பாக்கிகளின் ஊர்

நிஜாம் நகரத்தில் பழைய துப்பாக்கி மௌனமாக இருக்கும்வரை பொக்கிஷம். வாய் திறந்தால் வழக்கு.

ஹைதராபாதில் எந்த ஆட்டோக்காரரிடமும் 'கன் ஃபவுண்டரி' என்று சொன்னால் போதும், மறுகேள்வி கேட்காமல் அபிட்ஸ் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இறங்கிப் பார்த்தால் வங்கியும் கடைகளும் நெரிசலும்தான் தெரியும். ஸ்டேட் பாங்க்கோடு 2017-இல் இணைக்கப்படும்வரை ஸ்டேட் பாங்க் ஆஃப் ஹைதராபாதின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. 'பீரங்கிப் பட்டறை எங்கே?' என்று கேட்டால்தான் பலர் தலையைச் சொறிகிறார்கள். ஃபதே மைதானத்துக்கு அருகே, செங்கல்லும் சுண்ணாம்புமாக உயர்ந்து நிற்கும் அந்தப் பழைய கட்டடத்துக்கு உருதுவில் 'தோப் கா சாஞ்சா' என்று பெயர். பீரங்கி அச்சு என்று அர்த்தம். அச்சு என்றைக்கோ போய்விட்டது. பெயர் மட்டும் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது.

இதைக் கட்டியவர் மிஷேல் ஜோக்கிம் மாரி ரேமோன் என்ற பிரெஞ்சுக்காரர். நமக்கு ஒரு வகையில் அயலாரல்ல. 1775-இல் இருபது வயது இளைஞராக அவர் வந்து இறங்கியது பாண்டிச்சேரியில், வந்தது வியாபாரத்துக்காக. வியாபாரம் விட்டுப் போர்த்தொழிலில் இறங்கி, 1786-இல் இரண்டாம் நிஜாம் அலி கானிடம் சேர்ந்தார். நிஜாமின் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். 1795 வாக்கில் இந்தப் பட்டறையில் பீரங்கிகளும் அவற்றுக்கான குண்டுகளும் தயாராகின. 1798 மார்ச் 25-இல் ரேமோன் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நிஜாம் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அக்டோபரில், ரேமோன் வளர்த்த சுமார் 14,000 பேர் கொண்ட படையை ஆங்கிலேயர் சுற்றிவளைத்து, ஏறக்குறைய ரத்தம் சிந்தாமலே ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்தார்கள்.

ஹைதராபாதின் துப்பாக்கிச் சரித்திரமே இப்படித்தான். சேர்ப்பதும் பிடுங்குவதும் மாறி மாறி நடந்திருக்கிறது. 1948-இல் இந்தியாவோடு சேர மறுத்த நிஜாம் அரசுக்காக, சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து ஆயுதங்களைக் கடத்திவந்தார். செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து ஐந்தே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. ஆனால் அரச ஆயுதசாலைக்கு வெளியே, நவாபுகளின் தேவடிகளிலும் ஜாகீர்தார்களின் வீடுகளிலும் இருந்த துப்பாக்கிகளின் கதை அப்படி ஐந்து நாளில் முடியவில்லை.

அவற்றின் வம்சாவளியைத் தெரிந்துகொள்ள மூசி நதிக்கரைக்குப் போக வேண்டும். மூன்றாம் சாலர் ஜங் சேர்த்துவைத்த பொருள்களைக் கொண்டு 1951-இல் நேரு திறந்துவைத்த மியூசியம், 1968-லிருந்து இங்கே தன் சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது. கூட்டமெல்லாம் மணி அடிக்கும் கடிகாரத்தையும் முக்காடிட்ட ரெபெக்கா சிலையையும் நோக்கி ஓடும். ஆயுதக்கூடத்தில் நிம்மதியாக நிற்கலாம். சார்மினார் பக்கம் சௌமஹல்லா அரண்மனையிலும் ஆயுதங்களைப் பார்க்கலாம்.

நாட்டுத் துப்பாக்கிகளில் மூத்தது திரித் துப்பாக்கி. விசையை இழுத்தால் எரியும் திரி இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். ஐரோப்பா கைவிட்ட பிறகும் வெகுகாலம் இந்தியா இதை விடவில்லை. காரணம், கிராமத்துக் கொல்லனே செப்பனிட்டுவிடலாம். அடுத்தது சக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டிப் பொறி எழுப்பும் ரகம். அதற்குப் பின் வந்தது கேப்புத் துப்பாக்கி. கல்லைக் கவ்வி நிற்கும், பிறகு கேப்பைத் தட்டும் உறுப்புக்குத் தமிழில் 'குதிரை' என்று பெயர். துப்பாக்கி விசையை உருதுக்காரர்கள் 'கோடா' என்பார்கள். அதுவும் குதிரைதான்.

நம்மூர்ப் பழம்பொருள் வேட்டைக்காரர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு எப்படியோ, ஹைதராபாத்வாசிகளுக்கு முர்கி சௌக் அப்படி. சார்மினாரிலிருந்து நடந்துபோகும் தூரம். கோழி, புறா விற்கும் சந்தைக்குப் பக்கத்திலேயே பித்தளைக் கூஜா, லஸ்தர் விளக்கு, நின்றுபோன கடிகாரம். இந்த மாதிரிக் கடைகளில் எப்போதாவது ஒரு நீளக் குழல் கண்ணில் பட்டால் உடனே பர்ஸைத் திறந்துவிடக்கூடாது. 'டவர்' என்ற எழுத்தும் கிரீடமும் பொறித்த பூட்டைப் பார்த்து, கம்பெனிக் காலத்து அசல் என்று ஏமாந்தவர்கள் ஏராளம். அந்த முத்திரையைப் புதிதாகக் குத்தி, அமிலத்தில் துருவேற்றி, வயதைக் கூட்டிவிடலாம். அசலில் கைபட்ட இடம் தேய்ந்திருக்கும், படாத இடம் தேயாது. போலியில் எல்லா இடமும் ஒரே சீராகக் கிழடு தட்டியிருக்கும்.

அசலாகவே இருந்தாலும் சிக்கல் இனிமேல்தான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 45-ஆவது பிரிவு பழைய துப்பாக்கிகளுக்கு ஒரு சலுகை தருகிறது. வழக்கொழிந்த ரகமாகவோ, தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருந்தால் இந்தச் சட்டம் அதைத் தொடாது. ஆனால் ஒரு நிபந்தனை: ரிப்பேர் செய்தாலும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் 'இது சும்மா அலங்காரத்துக்கு' என்று சொன்னால் போதாது. தகராறு வந்தால் நிபுணர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஆக, நூற்றைம்பது வயதான துப்பாக்கியின் உடைந்த வில்லை மாற்றி, அடைத்த துளையைத் திறந்து, 'பழையபடி ஆக்கிவிட்டேன்' என்று பெருமைப்படுகிறவர், லைசென்ஸ் தேவைப்படாத ஒரு பொருளை லைசென்ஸ் இல்லாத ஆயுதமாக மாற்றியவராகிறார். தொழில்முறையில் துப்பாக்கியை ரிப்பேர் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும். அப்பன், பாட்டன் கற்றுக்கொடுத்த கைவேலை மட்டும் போதாது.

இதற்குப் பயந்து சிலர் எதிர்த் திசையில் போய்விடுகிறார்கள். குழலில் ஓட்டை போடுவது, ஈயத்தை ஊற்றி அடைப்பது, வெல்டிங் வைப்பது. போலீஸ் பயம் தீர்கிறது. கூடவே இருநூறு வருஷத்து வேலைப்பாடும் தீர்ந்துபோகிறது.

நல்ல கைக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பார். முதலில் அவர் செய்வது ஒரு சோதனை. கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, எதுவரை இறங்குகிறது என்று அடையாளம் வைத்து, அதே கோலை வெளியே குழலோடு ஒட்டி அளப்பார். கோல் அடிவரை போகாவிட்டால் உள்ளே மருந்து இருக்கலாம். தாத்தா காலத்தில் கெட்டித்து மறந்துபோன கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால், பேரன் காலத்திலும் வெடிக்கும். பரணிலிருந்து இறக்கிய துப்பாக்கியைத் தீக்கு அருகே கொண்டுபோவதும், அதன் குதிரையை விளையாட்டாக இழுப்பதும் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அடுத்தது, பாலிஷ் போடாமல் இருப்பது. நம் வீடுகளில் பழசு என்றால் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவதுதான் வழக்கம். துப்பாக்கியில் அது கொலைக்குச் சமம். குழலில் படிந்த பழுப்பு நிறமும், இரும்பில் தங்கக் கம்பி பதித்த கொடிவேலையும் ஒரே தேய்ப்பில் போய்விடும். எண்ணெய் தொட்டு உதிரித் துருவை மட்டும் எடுத்து, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, கட்டையில் விழுந்த வெடிப்பைப் பசைபோட்டு நிறுத்துவார். அதோடு கையைக் கழுவிவிடுவார். பழைய இரும்பு அத்தோடு பிழைத்துக்கொள்ளும், சுட மட்டும் சுடாது.

இன்னொரு வகை சரக்கும் இந்த ஊரில் உண்டு. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் புலி வேட்டைக்குப் பேர்போனவர். அவர் காலத்துப் பிரபுக்கள் லண்டன், பர்மிங்ஹாம் கம்பெனிகளிலிருந்து துப்பாக்கிகளை வரவழைத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை முடிந்தது. 1980-களில் தனியார் இறக்குமதிக்குக் கதவு மூடப்பட்டது. வரத்து நின்றதால் உள்ளே இருந்த சீமைத் துப்பாக்கிகளின் விலை ஏறியது. இவை நன்றாகவே சுடும். ஆகவே லைசென்ஸ் கட்டாயம். விற்க நினைப்பவர் கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருந்து, லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டுமே விற்கலாம். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. பரம்பரைச் சொத்து என்றாலும் இரண்டுதான். நாலு துப்பாக்கி வைத்திருந்த பெரியவர் கண்ணை மூடினால், ஒரே வாரிசு எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டும். பாக்கியை டீலரிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். ஸ்டேஷன் அறைக்குள் போன துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது யார்?

வெளிநாட்டில் விற்றுக் காசாக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டியதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உள்நாட்டில் தொல்பொருள் வியாபாரம் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். இந்தியாவின் பிடிவாதம் என்று அலுத்துக்கொள்பவர்கள் 2023-இல் லண்டனில் நடந்ததைக் கவனிக்கலாம். திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட, 20 லட்சம் பவுன் மதிப்புள்ள ஒரு வேட்டைத் துப்பாக்கி நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-இல் விழுந்தபோது ஆங்கிலேயரோடு நின்ற படைகளில் நிஜாமின் படையும் ஒன்று. ரேமோனின் ஆட்கள் முந்தைய ஆண்டு ஆயுதத்தைக் கீழே வைத்திராவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

மலக்பேட்டைத் தாண்டி ஒரு மேட்டில் ரேமோனின் சமாதி இருக்கிறது. கறுத்த உயரமான ஸ்தூபி, அதில் அவர் பெயரின் முதலெழுத்துகள். இந்துக்கள் அவரை மூஸா ராம் என்றார்கள், முஸ்லிம்கள் மூஸா ரஹீம் என்றார்கள். பக்கத்துப் பேட்டை இன்றைக்கும் மூஸாராம்பாக். போன நூற்றாண்டின் முற்பாதி வரை அவருடைய நினைவு நாளில் ஜனங்கள் இந்த மேட்டில் கூடினார்கள். பீரங்கி வார்த்தவருக்கு அவர்கள் வேட்டு எதுவும் போடவில்லை. ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.