தண்ணீர் மாற்றுதல்

ஒரு காலத்தில் நான் கவிதை எழுதினேன். அவற்றில் ஒன்றில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு மீனும் வந்தன. பதினோரு வரி. இதைப் போன்ற ஒரு சிறு பத்திரிகையில்தான் வெளியாயிற்று. மீன் கண்ணாடியில் மோதுகிறது, திரும்புகிறது, மறுபடி மோதுகிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் அந்த மீன் நான்தான் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடும். நண்பர்கள் இரண்டு பேர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அப்போது நான் மீன் வளர்த்தவனில்லை. இன்றைக்கு எடுத்துப் பார்க்கும்போது அந்தக் கவிதையில் மீன் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, சிறை இருக்கிறது, நான் தாராளமாக இருக்கிறேன். தண்ணீர் மட்டும் இல்லை. விட்டுப்போன அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அறந்தாங்கியில் குமாஸ்தா வேலை. ஜாகை ஜெகதாப்பட்டினத்தில், அக்கா வீட்டில். கோட்டைப்பட்டினத்தை அடுத்து, பாக் விரிகுடாக் கரையில் இருக்கிற ஊர். மச்சானுக்கு விசைப்படகில் தொழில். இங்கே மீன் என்றால் எடை, ஐஸ், ஏலம். வலையில் ஏறிய மீன் பெட்டிக்குப் போகிறது, பெட்டி லாரிக்குப் போகிறது. உயிரோடு, தன்பாட்டுக்குத் திரிகிற மீனைப் பார்ப்பது இந்த ஊரில் மீனவனுக்கும் அபூர்வம்தான். அவன் பார்க்கிற மீன் மூச்சுக்குத் தவிக்கிற மீன், அல்லது செத்த மீன். இது குற்றச்சாட்டு அல்ல. அந்த மீனில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

2017இல் அக்கா மகனுக்கு எட்டு வயது. அறந்தாங்கியில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று ஒரு தொட்டி, ஒரு காற்று மோட்டார், ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டி, இரண்டு கிலோ சரளை, நாலு தங்கமீன். மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து வந்தவை என்றார் கடைக்காரர். அங்கே வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். பாலிதீன் பையில் பாதித் தண்ணீரும் பாதிப் பிராணவாயுவுமாக அடைத்து பஸ்ஸிலும் ரயிலிலும் அனுப்புகிறார்கள். நாங்களும் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். தெருவில் ஒரு பெரியவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கடலக் கொல்லையில வச்சுக்கிட்டுக் கண்ணாடியில மீனா தம்பி?" என்றார். ஐந்தாம் நாள் நாலும் செத்துவிட்டன.

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. பிசகே அங்கேதான். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது, அதுவே மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகைக் கிருமி வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். நைட்ரேட் மிக அதிகமாகச் சேராதவரை மீன் பொறுத்துக்கொள்ளும். இந்தக் கிருமிகள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சின் துளைகளிலும் சரளையின் மேலும் கண்ணாடியின் உள்பக்கத்திலும் வழுவழுப்பாகப் படிந்துதான் வாழ்கின்றன. ஒரு புதுத் தொட்டியில் இவை குடியேறி நிலைக்க நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். புதுத் தொட்டி என்பது பார்க்க அழகான ஒரு பாலைவனம். நாங்கள் அதில் நாலு உயிரை ஒரே நாளில் கொட்டினோம்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் ஒரு வாலிஸ்னேரியாச் செடியையும் வைத்துப் பார்த்தார். மீன் விடுவதைச் செடி எடுக்கும், செடி விடுவதை மீன் எடுக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிற்று. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. அழகான இரண்டு பேருக்கு நடுவே அழுகலைத் தின்கிற மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டியிருக்கிறது. நத்தையாவது கண்ணுக்குத் தெரியும். அதனினும் சிறிய வேலைக்காரர்களை வினோக்ராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்ட 1890 ஆயிற்று. கவிஞர்களான நாம் மீனைப் பார்க்கிறோம், மிஞ்சிப்போனால் செடியைப் பார்க்கிறோம்.

எங்கள் ஊரில் அடுத்த பிரச்சினை, தண்ணீருக்கு எங்கே போவது என்பது. கரையோரக் கிணறுகளில் உப்பு. குடிதண்ணீர் குழாயில் வருகிற நாளில் வரும், வராத நாளில் குடம் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். தொட்டி சுமார் ஐம்பது லிட்டர் பிடிக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். கால் பங்கு என்பது ஒரு குடம். "குடிக்கிற தண்ணியப் போயி மீனுக்கு ஊத்துறியே தம்பி" என்று அக்கா சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு. அதை ஒரு நாள் வாளியில் திறந்துவைக்க வேண்டும், அல்லது போட்டோக்காரர்கள் இருட்டறையில் உபயோகித்த ஹைப்போவைக் கொஞ்சம் கரைத்துவிட வேண்டும்.

வழி சொன்னவர் கடைக்காரர்தான். "ஒங்க ஊருத் தண்ணிக்கு மோலிய விடுங்க சார்" என்றார். மோலி கழிமுகங்களில்கூட வாழக்கூடியது. கொஞ்சம் உப்பிருந்தால் அதற்குச் சந்தோஷம்தான். கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு கலந்துகொண்டோம். அக்காவுக்கு அரைக் குடம் மிச்சமாயிற்று.

மீன்களின் தாகத்தைப் பற்றி அப்போது படித்தது இன்னும் என்னை விடவில்லை. நன்னீர் மீனின் உடம்பில் உள்ள உப்பு வெளித் தண்ணீரில் உள்ளதைவிட அதிகம். ஆகவே தண்ணீர் அதற்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. அது தண்ணீரைக் குடிக்கத் தேவையில்லை, நாள் முழுக்க வெளியேற்றிக்கொண்டிருப்பதுதான் அதன் பாடு. கடல் மீனுக்கு நேர் மாறு. கடலின் ஒரு லிட்டரில் சுமார் முப்பத்தைந்து கிராம் உப்பு. மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அது ஓயாமல் கடலைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளி உயிர் வாழ்கிறது. கடல் முழுக்கத் தண்ணீர், அதற்குள் தாகத்தோடு மீன். கரையில் குடத்தோடு குழாயடியில் நிற்கிற என் அக்கா. இதை உவமையாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே உப்பு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறியது எங்கள் மாவட்டத்தையும் சேர்த்துப் புரட்டிவிட்டுப் போயிற்று. தென்னைகள் சாய்ந்தன, கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர மூன்று வாரம் ஆயிற்று. கூரை போன வீடுகளுக்கு நடுவே காற்று மோட்டார் நின்றுவிட்டது என்று யாரிடம் சொல்ல முடியும்? பையனும் நானும் இரவில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத் தூக்கித் திரும்ப ஊற்றினோம். காற்றுக் கலக்க வேறு உபாயமில்லை. பார்ப் மீன்கள் நாலும் இரண்டாம் இரவில் போயின. மோலிகள் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு பாதி பிழைத்தன. கௌராமிகள் மூன்றும் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தன. அவற்றுக்குச் செவுளோடு இன்னோர் உறுப்பு உண்டு, மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கும்.

நம் குளங்களின் பனையேறிக் கெண்டை இந்தக் கூட்டத்துக்கு உறவு. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர் 1791இல் ஒரு பனையில் அது ஏறிக்கொண்டிருக்கக் கையால் பிடித்ததாக எழுதினார். 1797இல் அது லண்டனில் அச்சாயிற்று. பனை ஏறுமா என்பதில் பின்னால் வந்தவர்களுக்குச் சந்தேகம். மழை நாளில் தரையில் ஊர்ந்து குளம் மாறும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தண்ணீர் சரியில்லையென்றால் இப்படிக் கிளம்பிவிடுகிற மீன்களும் இருக்கின்றன. மற்றவற்றுக்கு வேறு யாராவது தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் ஒரு புதன்கிழமை போன மச்சான் வியாழக்கிழமை திரும்பவில்லை. படகோடு பிடித்துவிட்டார்கள், அக்கரையில் சிறையில் இருக்கிறார் என்று மத்தியானம் செய்தி வந்தது. இந்தக் கரையில் இது புதிய செய்தி அல்ல. 1974இலும் 1976இலும் கடலில் போட்ட கோடு தண்ணீரில் தெரிவதில்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இழுவைமடி கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வருகிறது. அக்கரையில் சிறு வலை போடுகிறவர்களும் தமிழர்கள்தான், அந்த வலைகள் எங்கள் மடியில் மாட்டி அறுகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டமாகவே தடை செய்தது. மச்சானுக்கு இதெல்லாம் தெரியும். படகின் மேலிருக்கிற கடனும் தெரியும்.

முதல் நாள் ராத்திரி பையன் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். "மாமா, அப்பா இருக்கிற ரூம்புல ஜன்னல் இருக்குமா?" என்று கேட்டான். இருக்கும் என்றேன். அப்போதுதான் அந்தப் பதினோரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. கூசிற்று. இந்த ஊரில் சிறை என்பது வாய்தா, வக்கீல், விடுதலையானவர்களின் பட்டியல், அதில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது. நானோ மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு, நடுக்கூடத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என்னைச் சிறையில் போட்டுக்கொண்டேன். தொட்டி மீன் என்று எழுதினாலே சிறை என்று படிக்கும் பழக்கம் எங்கிருந்து நமக்கு வந்தது? யாரும் தொட்டியைப் பார்த்து அதை எழுதவில்லை. முன்னால் எழுதப்பட்ட தொட்டிகளைப் படித்து எழுதினோம்.

நாற்பது நாள் கழித்து விடுதலைப் பட்டியலில் மச்சான் பெயர் வந்தது. படகு வராது, ஆட்கள் மட்டும். அக்கா வீட்டைக் கழுவினாள். நான் தொட்டியைக் கழுவினேன். அவர் வரும்போது பளபளவென்று இருக்கட்டும் என்ற ஆசை. தண்ணீரை முழுக்க இறைத்தேன். சரளையை அரிசி களைவதுபோல் ஏழு தடவை களைந்து வெயிலில் காயப்போட்டேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். கண்ணாடியில் ஒரு வழுவழுப்பு இல்லை. பையன் கைகொட்டினான். தெரிந்தும் செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். எல்லாவற்றையும் படித்திருந்தேன், பிறருக்கு விளக்கியும் இருக்கிறேன். சந்தோஷம் வந்ததும் கை பழைய புத்திக்குப் போய்விட்டது. சுத்தமென்றால் எல்லாவற்றையும் கொட்டுவது என்ற புத்தி. நம் கவிதையைப் பற்றியும் ஒருமுறை நான் அப்படித்தான் எழுதினேன், பழைய தண்ணீரை அடியோடு இறைத்துவிட வேண்டும் என்று. எழுதியதால் யாரும் சாகவில்லை.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. செவுள்கள் சிவந்திருந்தன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிப் பார்த்தேன். மச்சான் வீட்டுப்படி ஏறியபோது மோலி ஒன்றுகூட இல்லை. கௌராமி இரண்டு ஒரு மூலையில் இருந்தன.

மச்சான் இளைத்திருந்தார். அன்றைக்கு யாரிடமும் அதிகம் பேசவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தொட்டிக்கு முன்னால் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"அடி மண்ண ஏன் மாப்ள கலச்ச? அதுலதான எல்லாம் இருக்கு?"

சொன்னவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பீடி அணைந்து வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அதற்குப் பிறகு இதுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. வேறொருவர் படகில் இப்போதும் போகிறார், திங்கள், புதன், சனி. வேறு வேலை அவருக்குத் தெரியாது. அந்த மடியில் வருகிற கழிவு மீன் காய்ந்து மீன்தூளாகப் போகிறது. பையன் தினமும் ஒரு சிட்டிகை போடுகிற உருண்டைத் தீனியிலும் மீன்தூள் இருக்கிறது. நன்னீர்த் தொட்டி கடலிடமிருந்து தனித்து நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அத்தோடு போயிற்று.

கவிதையை மறுபடி எழுதப் பார்த்தேன், வரவில்லை. மீன் மோதுவதாக எழுதியிருந்தேன் அல்லவா? இத்தனை வருஷத்தில் உடம்பு சரியாக உள்ள எந்த மீனும் கண்ணாடியில் மோதி நான் பார்க்கவில்லை. புதிதாக விட்ட அன்று ஒன்றிரண்டு தடவை, அவ்வளவுதான். மோதிக்கொண்டே இருந்தால் தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். போய்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

இப்போது தொட்டியில் மோலிகள் குட்டி போட்டிருக்கின்றன. வெள்ளிக்கிழமை தண்ணீர் மாற்றுகிறோம். ஒரு குடம் எடுத்து ஒரு குடம் விடுகிறோம். ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக இரண்டு தடவை அமுக்கித் திரும்ப வைத்துவிடுகிறோம். மிச்சத் தண்ணீர் மஞ்சளாகக் கொஞ்சம் வாடை அடிக்கும். அக்கா அதைக் கீழே கொட்ட விடுவதில்லை. கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றுகிறாள்.