மாணவர் குறும்படத்தின் முதல் நிமிடம்

மாணவர் குறும்படங்கள் பலவும் அலாரம் அடிப்பதில் தொடங்குகின்றன. கடிகாரம் அலறும், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை அணைக்கும், பிறகு பல் துலக்கல், கண்ணாடி, பேருந்து நிறுத்தம். பத்து நிமிடப் படத்தில் ஒன்றரை நிமிடம் இப்படிப் போய்விடும், கதையோ இன்னும் தொடங்கியிருக்காது. சீட்டு வாங்கி அரங்கில் அமர்ந்தவர் முழுநீளப் படத்துக்குக் காட்டும் பொறுமை குறும்படத்துக்குக் கிடைக்காது.

போலந்தின் வூட்ஜ் நகரத் திரைப்படப் பள்ளியில் படித்தபோது ரோமன் போலான்ஸ்கி எடுத்த ‘இரு மனிதர்களும் ஓர் அலமாரியும்’ (1958) வேறு விதமாகத் தொடங்குகிறது. ஆளில்லாத கடல். தண்ணீரிலிருந்து இரண்டு பேர் கண்ணாடி பதித்த பழைய மர அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். யார், எங்கிருந்து, எதற்கு என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. வசனம் கிடையாது, கிறிஸ்டோஃப் கோமெடாவின் இசை உண்டு. டிராமில் இடமில்லை, உணவகத்தில் இடமில்லை என்று ஊர் அவர்களை விரட்டுவதே படம். சுமையோடு வருபவனை ஊர் என்ன செய்யும் என்ற கேள்வி, அலமாரி கரையேறும்போதே பார்ப்பவர் தோளிலும் ஏறிவிடுகிறது. முடிவில் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்கே திரும்புகிறார்கள். இத்தனைக்கும் அந்தத் தொடக்கத்துக்குத் தேவைப்பட்டவை ஒரு கடற்கரை, ஒரு பழைய அலமாரி, நனையத் தயாரான இரண்டு நடிகர்கள்.

காலைக் குளியலறையில் தொடங்குவதுகூடத் தவறில்லை. மார்ட்டின் ஸ்கார்செஸி 1967இல் எடுத்த ‘பெரிய சவரம்’ குறும்படம் அங்கேதான் தொடங்குகிறது. ஆள் நுழையும் முன்பே வெள்ளைப் பீங்கானும் பளபளக்கும் குழாய்களும் குளோஸ்-அப்பில் அடுத்தடுத்து வருகின்றன. அந்த வெண்மை கண்ணில் படிந்துவிட்டதால்தான் பின்னால் வழியும் இரத்தம் அவ்வளவு அதிர வைக்கிறது.

படப்பிடிப்பில் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது ஒலியை. காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நின்று, அந்த இடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். மின்விசிறியும் தெருவின் இரைச்சலும் கையில் இருந்தால், முதல் பிம்பத்துக்கு முன்பே கருந்திரையில் இடத்தை உணர்த்திவிடலாம். அது இல்லாதபோதுதான் தொடக்கம் முழுக்க இசையை ஊற்றி நிரப்ப நேர்கிறது.

மற்றது எடிட்டிங் அறையில் நடக்கும். முதல் ஷாட்டை எடுத்துவிட்டு இரண்டாவதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. படம் புரிகிறதென்றால் மூன்றாவதிலிருந்து. இங்கே கை நடுங்கும். விடியலுக்கு முன் எழுந்து, கருவிகளைச் சுமந்து, வெளிச்சத்துக்குக் காத்திருந்து எடுத்த ஷாட்டை இயக்குநர் எளிதில் விட மாட்டார். அந்த உழைப்பு நிஜம். ஆனால் அது திரையில் தெரிவதில்லை. படப்பிடிப்புக்கு வராத ஒருவர் எடிட்டராக இருப்பதன் பலன் இதுதான். கதை தெரியாத ஒருவருக்கு முதல் நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டி, அடுத்து என்ன தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் வெட்டும் வேலை மீதமிருக்கிறது. படக்குழுவின் பெயர்கள் அந்த முதல் நிமிடத்துக்குப் பிறகு வரலாம். நன்றி அட்டைகள் படத்தின் கடைசிக்குப் போகலாம்.