இடையில் ஒரு துணி

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பூந்தமல்லியில் ஞானஸ்நானம். தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பூசி, மெழுகுதிரியும் ஏற்றிக் கொடுத்த பிறகு ஃபாதர் கட்டைவிரலால் குழந்தையின் காதுகளையும் வாயையும் தொட்டார். படம் எடுத்தவர்கள் அதற்குள் பிரியாணிப் பந்தியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்புகையில் ஆட்டோ பாரிவாக்கம் சந்திப்பில் வழக்கம்போல மாட்டிக்கொண்டது. எனக்கு அந்த விரல் ஞாபகமாகவே இருந்தது. இன்று உலர்ந்திருக்கும் அந்த விரலில் ஒரு காலத்தில் குருவின் எச்சில் இருந்தது. அதற்காகப் புதுச்சேரிக்கும் ரோமுக்கும் இடையே நாற்பது வருஷம் வழக்கு நடந்தது.

எச்சில் விஷயத்தில் நாம் எல்லோருமே வக்கீல்கள்தான். தம்ளரில் யாராவது வாய் வைத்துக் குடித்துவிட்டால் அதைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் என் பாட்டி உள்ளே எடுப்பாள். அதே பாட்டி முறுக்கை மென்று பேரப்பிள்ளைக்கு ஊட்டுவாள். கேட்டால் குழந்தைக்கு ஏதுடா எச்சில் என்பாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பெயர் காக்காய்க்கடி. கமர்கட்டு ஒன்று, வாய் மூன்று. சட்டை நுனியில் அதைப் பொதிந்து, துணியோடு சேர்த்துக் கடித்தால் துண்டாகிவிடும். பல்லுக்கும் பண்டத்துக்கும் நடுவே துணி இருந்ததால் எச்சில் இல்லை. அந்தத் துணியில் காலையிலிருந்து என்னென்ன துடைக்கப்பட்டன என்பதை யாரும் கேட்டதில்லை. சுத்தமா முக்கியம்? மூன்று பேருக்கும் கிடைக்க வேண்டும், விதியும் உடையக் கூடாது. நான் அறிந்த சட்ட வியாக்கியானங்களில் இதைவிட மேலானது இல்லை.

1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கிய திருத்தந்தையின் தூதர் தூர்னோனுக்குக் காக்காய்க்கடி தெரிந்திருக்க நியாயமில்லை. சீனாவுக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார். தங்கிய காலத்தில் பெரும்பகுதி படுக்கை. மறைப்பணித் தளங்களை நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஆனாலும் 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்துவிட்டுக் கப்பலேறினார். இயேசு சபைக் குருக்கள் ஞானஸ்நானச் சடங்கில் எச்சிலைத் தவிர்த்துவந்தார்கள். அதைக் கண்டால் மேல்சாதிக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்பது அவர்கள் கட்சி. தூதர் ஒப்பவில்லை. எச்சிலும் உப்பும் ஊதுதலும் விடாமல் நடக்க வேண்டும். தாலியில் பிள்ளையார் கூடாது, கல்யாணத்தில் அரசங்கிளையும் தேங்காயும் கூடாது. இப்படி நீள்கிறது பட்டியல்.

இந்த எச்சில் வந்த இடம் மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம். காது கேளாத, பேச்சு தடைப்பட்ட ஒருவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போய் இயேசு எச்சிலால் தொட்டுக் குணமாக்குகிறார். அதே அதிகாரம் தொடங்குவதோ கை கழுவாமல் சாப்பிட்ட சீடர்களைப் பற்றிய பஞ்சாயத்தில். வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டாக்குவதில்லை, உள்ளிருந்து வருவதுதான் தீட்டு என்று அங்கே தீர்ப்புச் சொன்னவர், சில பத்திகள் தள்ளி எச்சிலைக் கையில் எடுக்கிறார். அந்தச் செவிடனுக்கு அது மருந்து. பதினேழு நூற்றாண்டு கழித்து அது விட்டுவிட்டால் குற்றமாகும் சட்டப் பிரிவு.

இதுவரை வழக்கு சுலபம்: நோக்கத்தை மறந்து எழுத்தைப் பிடித்துக்கொண்ட ஐரோப்பியர் ஒருவர், நெளிவுசுளிவு தெரிந்த குருக்கள் எதிர்த்தரப்பு. ஆனால் ஆணையை இன்னும் கீழே படித்தால் தூர்னோன் வேறு ஆளாகத் தெரிகிறார். மாதவிலக்கைக் காட்டிப் பெண்களைத் தேவதிரவிய அனுமானங்கள் எனும் திருச்சடங்குகளிலிருந்து விலக்கக் கூடாது என்கிறார். பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குரு அந்த வீட்டுக்குள்ளேயே போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்கிறார். நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்யும் வழக்கம் அவருக்குப் பொறுக்கவில்லை. படுக்கையில் கிடந்த அந்த விறைப்பான மனிதர் ஒரு குடிசையின் வாசலைச் சரியாகப் பார்த்திருக்கிறார். மண்ணோடு பழகியவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பு எழுதினார். பறையருக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று இயேசு சபையார் சொன்ன யோசனைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரே நற்கருணை, இடையில் ஒரு துணி. நாங்கள் பங்குபோட்டுக்கொள்ளத் துணியைப் பயன்படுத்தினோம். பெரியவர்கள் பங்குபோடாமல் இருக்கப் பயன்படுத்தினார்கள்.

நெல்லைச் சீமையில் அந்தத் துணியைக் கல்லாலேயே கட்டினார்கள். வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயில், 1872. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்துபோகும் கூடங்கள் இரண்டு. கால்சட்டைக் கோயில் என்றே பெயர். வேளாளருக்கு ஒரு கால், நாடார் முதலான மற்றவர்களுக்கு இன்னொரு கால். 1910-இல் தடுப்பு இடிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெற வேளாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. வழக்கத்தைக் காப்பாற்றத்தான் போனார்களாம். வழக்கம் யாரைக் காப்பாற்றியது என்று கேட்டிருந்தால் வண்டிக்கூலி மிஞ்சியிருக்கும்.

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் கடைசி விதி எண் 1752. ஆன்மாக்களின் மீட்பே சபையில் எப்போதும் தலையாய சட்டமாக இருக்க வேண்டும் என்ற கருத்து அங்கே வருகிறது, அதுவும் பங்குக் குருக்களை இடம் மாற்றுவதைப் பற்றிய விதியின் வாலில். பூந்தமல்லி குருமடத்துப் பையன்கள் தூக்கம் வழியும் நேரத்தில்தான் அந்தப் பக்கத்துக்கு வந்துசேர்வார்கள் என்று நினைக்கிறேன். முதல் பக்கத்தில் போட்டிருக்கலாமே என்று எனக்கு எரிச்சலாக வந்ததுண்டு. யோசித்தால், கடைசியில் இருப்பதே பத்திரம். முதலில் வைத்திருந்தால் மீதி 1,751 விதிகளையும் படிக்காமலே அவரவர் சௌகரியத்தை அதன் பெயரில் நடத்திக்கொள்வார்கள்.

சட்டத்தை வளைப்பவர்களை இரக்கமுள்ளவர்கள் என்றும், வளைக்காதவர்களைக் கல்நெஞ்சர்கள் என்றும் நாம் அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிடுகிறோம். முகம் சுளித்தவர்களுக்காக எச்சிலை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, நானும் சுளித்திருப்பேன். அதே சுளிப்புக்காகச் சாகிறவனை வாசலுக்குத் தூக்கிவரச் சொன்னபோது அந்த இரக்கத்தின் யோக்கியதை தெரிந்துவிட்டது. விதி வளைந்ததா என்று கேட்பது பாதிக் கேள்வி. யார் பக்கம் வளைந்தது என்று கேட்டால்தான் அதற்கு நோக்கம் என்று ஒன்று இருந்ததா இல்லையா என்பது தெரியவரும்.